'ஸீ-கர்ட்': கடல்சூழ்ந்ததா, கடலுடுத்ததா, கடல்வேலியா?

#1 குடந்தைக்காரன்

புட்சரும் லாங்கும் சேர்ந்து 1879இல் வெளியிட்ட, ஹோமரின் கிரேக்கக் காவியமான ஒடிஸியின் ஆங்கில உரைநடையில், முதல் காண்டத்திலேயே நாயகன் ஒடிஸியஸ் அகப்பட்டுக் கிடக்கும் இடத்தை 'ஸீகர்ட் ஐல்' (sea-girt isle) என்கிறார்கள். அகராதியைப் புரட்டினால் 'கடலால் சூழப்பட்ட' என்று போட்டு முடித்துவிடுகிறது. தீவு என்றாலே நாற்புறமும் நீர்தான். 'கடல் சூழ்ந்த தீவு' என்று எழுதினால் கூறியது கூறல் ஆகாதா? 'கடலுடுத்த தீவு' என்று போடலாமா? அதே வாக்கியத்தில் அடுத்து 'கடலின் கொப்பூழ்' என்றும் ஒரு தொடர் வருகிறது. ஆங்கிலமும் தமிழும் தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள்.

#2 மன்னை டீச்சர்

முதலில் சொல்லின் அமைப்பு. 'கர்ட்' என்பது 'ஷர்ட்' என்பதோடு ஓசை ஒத்துவரும்படி ஒலிக்க வேண்டிய சொல். 'கேர்ள்' என்பதோடு குழப்பிக்கொண்டு 'கடல்மகள்' என்று எழுதிய விடைத்தாள்கள் உண்டு. மூல வினை 'கர்டு' (gird); இடுப்பைச் சுற்றிக் கட்டு என்று பொருள். பழைய ஆங்கிலத்திலிருந்து வந்த வினை. அதன் இறந்தகால எச்ச வடிவம்தான் 'டகர' ஒலியில் முடியும் 'கர்ட்' (girt). இன்றைய உரைநடையில் 'கர்டட்' என்றுதான் எழுதுவார்கள். பழைய வடிவம் செய்யுளிலும் இப்படிப்பட்ட கூட்டுச் சொற்களிலும் மட்டும் தங்கிவிட்டது. இடைக்கச்சையைக் குறிக்கும் 'கர்டில்', சுற்றளவைக் குறிக்கும் 'கர்த்' இரண்டும் இதே குடும்பம்.

ஆகவே 'ஸீ-கர்ட்' என்றால் சொல்லுக்குச் சொல், கடலை இடுப்பில் கச்சையாகக் கட்டிய. பெயர்ச்சொல்லும் எச்சவினையும் இடைக்கோட்டால் சேர்ந்த உரிச்சொல். இந்த வகையை மாணவர்களுக்கு விளக்கும்போது முதல் சொல்லுக்கும் இரண்டாம் சொல்லுக்கும் என்ன உறவு என்று கேட்கச் சொல்ல வேண்டும். 'மாத்-ஈட்டன்' என்றால் பூச்சி தின்றது, பூச்சி செய்பவன். 'ஹோம்-மேட்' என்றால் வீட்டில் செய்தது; வீடு இடம். 'ஸீ-கர்ட்' என்றால் கடலால் கட்டியது, கடல் கருவி. நம் கணக்கில் மூன்றாம் வேற்றுமை.

பயன்பாட்டில் மூன்று கட்டுப்பாடுகள். ஒன்று, இதற்கு ஒப்பீட்டு வடிவம் கிடையாது. 'அதிகம் ஸீ-கர்ட்', 'மிகவும் ஸீ-கர்ட்' என்று ஆங்கிலத்தில் சொல்ல முடியாது. இரண்டு, பெரும்பாலும் பெயருக்கு முன்னால்தான் நிற்கும். மூன்று, பேச்சில் வராது. செய்தித்தாளில் வந்தால் அலங்காரமாகத் தெரியும். ஆஸ்திரேலிய நாட்டுப்பண்ணில் 'கடலால் கர்ட் ஆன எங்கள் இல்லம்' என்று ஓர் அடி உண்டு. பாடல் முதலில் அரங்கேறியது 1878, நாட்டுப்பண் ஆனது 1984. அங்கே பள்ளிப் பிள்ளைகள் இந்தச் சொல்லை அந்த ஒரு பாட்டில் மட்டும்தான் சந்திக்கிறார்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் பொருள் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

#3 ஐயாறன்

குடந்தைத் தம்பி கேட்ட கூறியது கூறலுக்கு விடை தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. சொல்லதிகாரம், கிளவியாக்கம்:

'இனச்சுட் டில்லாப் பண்புகொள் பெயர்க்கொடை
வழக்கா றல்ல செய்யு ளாறே.'

ஒரு பெயருக்கு முன்னால் அடை கொடுத்தால் அது இனத்தைப் பிரித்துக் காட்ட வேண்டும். 'செந்தாமரை' என்றால் வெண்தாமரையும் உண்டு என்று பொருள். 'செஞ்ஞாயிறு' என்றால் கருஞாயிறு கிடையாது. அந்த அடை எதையும் பிரிக்கவில்லை. அப்படிப்பட்ட அடை பேச்சு வழக்குக்கு ஆகாது, செய்யுளுக்கு ஆகும் என்கிறது சூத்திரம்.

'கடல்சூழ் தீவு' இந்த இரண்டாம் வகை. கடல் சூழாத கடல்தீவு இல்லை. ஆகவே செய்யுளிலும் செய்யுள் நடை கொண்ட மொழிபெயர்ப்பிலும் தாராளமாக வரலாம், குற்றமில்லை. செய்திக் கட்டுரையில் 'கடல்சூழ் தீவில் மீன்பிடித் தடை' என்று எழுதினால் அது குற்றம். ஹோமரைத் தமிழில் தருபவர் இந்த அடையை 'தேவையில்லை' என்று வெட்டினால் காவிய நடையையே வெட்டியதாகும். ஹோமர் கப்பலுக்கும் விடியலுக்கும் கடலுக்கும் இனம் பிரிக்காத அடைகளைத்தான் திரும்பத் திரும்பக் கொடுப்பார்.

#4 தேரழுந்தூர் நிழல்

ஐயா சொன்னதற்கு நம் ஊர்க் கம்பனே சாட்சி. கைகேயி இராமனிடம் சொல்வது:

'ஆழிசூழ் உலகம் எல்லாம் பரதனே ஆள, நீபோய்'

உலகத்தைக் கடல் சூழ்ந்திருக்கிறது என்பது இராமனுக்குத் தெரியாத செய்தியா? ஆனால் 'உலகம் எல்லாம் பரதனே ஆள' என்று மட்டும் இருந்தால் அது ஓர் ஆணை. 'ஆழிசூழ்' சேர்ந்தவுடன் இழப்பதன் பரப்பு கண்முன் விரிகிறது. கரைவரைக்கும் ஒரு பிடி மண்கூட உனக்கில்லை என்று ஆகிவிடுகிறது. இனம் பிரிக்காத அடை செய்யும் வேலை இதுதான்.

இன்னொன்றும் கவனியுங்கள். தமிழில் கடல் சூழ்வது பெரும்பாலும் உலகத்தை. ஆங்கிலத்தில் பெரும்பாலும் தீவை. புறநானூறு 18: 'முழங்கு முந்நீர் முழுவதும் வளைஇப் பரந்துபட்ட வியன்ஞாலம்'. புறநானூறு 189: 'தெண்கடல் வளாகம் பொதுமை இன்றி'. புறநானூறு 363: 'இருங்கடல் உடுத்த இப்பெருங்கண் மாநிலம்'. மூன்றிலும் பக்கத்தில் அரசர்கள் நிற்கிறார்கள், பிறருக்குப் பங்கில்லாமல் ஆண்டவர்கள். 363ஆம் பாட்டில் உடைமரத்தின் இலையளவு இடம்கூடப் பிறருக்கு விடாமல் ஆண்டவர்கள் கடைசியில் சுடுகாடு போய்ச் சேர்ந்ததைச் சொல்வதற்காகவே அந்தக் 'கடலுடுத்த' பெருமை முதல் அடியில் வருகிறது. ஆட்சி, எல்லை, ஏகபோகம் என்ற நிறம் இந்தத் தொடர்களில் ஊறியிருக்கிறது. தன்னந்தனியாக ஒருவன் அழுதுகொண்டிருக்கும் தீவுக்குக் 'கடலுடுத்த' என்று போட்டால் அந்த நிறமும் கூடவே வரும்.

#5 குடந்தைக்காரன்

புறநானூற்றில் 'உடுத்த' இருப்பது இப்போதுதான் தெரிகிறது, ஐயா. 'நீராருங் கடலுடுத்த நிலமடந்தை' 1891இல் சுந்தரம் பிள்ளை புதிதாக ஆக்கிய தொடர் என்றல்லவா பலரும் சொல்கிறார்கள்?

#6 ஐயாறன்

நிலத்தைப் பெண்ணாக்கி, கடலை உடையாக்கி, பாரதத்தை முகமாக்கி, தக்காணத்தை நெற்றியாக்கி, தமிழகத்தைத் திலகமாக்கிய முழு உருவகம் அவருடையது. 'கடல் உடுத்த' என்ற வேர் சங்கப் பாட்டில் இருக்கிறது. வடமொழியிலும் நிலமகளைக் காலையில் வணங்கும் சுலோகம் 'ஸமுத்ர வஸநே' என்றுதான் தொடங்கும். கடலை ஆடையாக உடையவளே என்று பொருள். கடலை மேகலையாக உடையவள் என்னும் 'ஸாகரமேகலா' என்ற வழக்கும் உண்டு. டீச்சர் சொன்ன இடைக்கச்சைக்கு நேரானது இந்த இரண்டாவதுதான்.

இலக்கணத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது, மொழிபெயர்ப்பவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. மூன்று தொடர்களிலும் செயலைச் செய்பவர் வேறு வேறு.

'கடல்சூழ் உலகம்' என்பதில் சூழ்வது கடல். உலகம் சும்மா இருக்கிறது. 'சூழ் உலகம்' வினைத்தொகை. சூழ்ந்த, சூழ்கின்ற, சூழும் என்று மூன்று காலமும் அடங்கும்.

'கடலுடுத்த நிலம்' என்பதில் உடுப்பது நிலம். 'கடலை உடுத்த' என்று விரியும். இரண்டாம் வேற்றுமைத் தொகை, அதன்மேல் பெயரெச்சம். இங்கே நிலத்துக்கு உயிர் வந்துவிடுகிறது.

சிலப்பதிகார மங்கல வாழ்த்தில் பூம்புகாரைப் போற்றும்போது வரும் 'வீங்குநீர் வேலி உலகு' என்பதில் வினையே இல்லை. வீங்குநீராகிய வேலி, அந்த வேலியை உடைய உலகு. யாரும் எதுவும் செய்யவில்லை, உடைமை மட்டும்தான். மழையைப் போற்றும் இடத்தில் அதுவே 'நாமநீர் வேலி' ஆகிறது. நாமம் என்றால் அச்சம்.

ஆங்கிலத்து 'ஸீ-கர்ட்' செயப்பாட்டு எச்சம். கட்டியது யார் என்பது மறைந்திருக்கிறது. அந்த மறைவு தமிழில் எந்தத் தொடரிலும் அப்படியே வராது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

#7 நாகைத்துறை

வேலி என்றதும் ஷேக்ஸ்பியர் நினைவுக்கு வர வேண்டும். 'கிங் ஜான்' நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில் இங்கிலாந்தைக் கடலால் வேலியிடப்பட்டது என்றும் 'வாட்டர்-வால்ட்' அரண் என்றும் சொல்கிறார். நீரை மதிலாக உடைய அரண். 'இரண்டாம் ரிச்சர்ட்' நாடகத்தில் கிழவர் ஜான் ஆஃப் கான்ட் பேசும் இடத்தில் கடல் வீட்டுக்கு மதிலாகவும் காப்பு அகழியாகவும் வேலை செய்கிறது. ஆகவே ஆங்கிலத்திலும் இரண்டு மரபு இருக்கிறது: கச்சை மரபு 'ஸீ-கர்ட்', காவல் மரபு 'வாட்டர்-வால்ட்'. 'நீர்வேலி' இரண்டாவதற்குப் பொருந்தும். முதலாவதற்கு அதைப் போட்டால் மூலத்தில் இல்லாத காவலும் பகையும் நுழைந்துவிடும்.

பொருள் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். 'ஸீ-கர்ட்' என்றால் கடலோரம் அல்ல. நாகப்பட்டினம், தரங்கம்பாடி, பூம்புகார் எல்லாம் ஒருபக்கம் கடல் உள்ள ஊர்கள். 'கடலோர' என்பதே சரி. கோடியக்கரையில் கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை, இருந்தும் நிலத்தோடு ஒட்டியது. இதற்கெல்லாம் 'கடல்சூழ்' போடுவதைச் சுற்றுலா விளம்பரங்களில் பார்க்கிறோம், அது பிழை. சுற்றி வந்து முனைகள் கூட வேண்டும், அல்லது ஏறக்குறைய கூட வேண்டும். இல்லாவிட்டால் 'கர்ட்' இல்லை.

#8 மன்னை டீச்சர்

நாகைத்துறை அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'ஸீ-பவுண்ட்' என்று ஒரு சொல் இருக்கிறது, அதை 'ஸீ-கர்ட்' போலவே எடுத்துக்கொண்டு ஏமாறக் கூடாது. கடலால் கட்டுண்ட என்றும் வரும், கடலை நோக்கிப் போகிற என்றும் வரும். பக்கத்தில் ஆறோ கப்பலோ இருந்தால் இரண்டாவது. 'ஐஸ்-பவுண்ட்' என்றால் பனியில் சிறைப்பட்ட. 'லேண்ட்-லாக்ட்' கிட்டத்தட்ட 'ஸீ-கர்ட்'டுக்கு எதிர். ஆனால் அது நிலவியல் பாடத்துச் சொல், 'ஸீ-கர்ட்' கவிதைச் சொல். இரண்டையும் ஒரே பத்தியில் வைத்தால் நடை இடறும்.

இனி ஆங்கிலக் கவிதையில் இந்தச் சொல் வரும் இரண்டு இடங்களை நெருங்கிப் பார்க்கலாம்.

மில்டனின் 'கோமஸ்', 1634இல் லட்லோ கோட்டையில் நடிக்கப்பட்டது. தொடக்கத்தில், கடல்தெய்வம் நெப்டியூனுக்குப் பங்காகக் கிடைத்தது 'ஸீ-கர்ட்' தீவுகள் அனைத்தின் பேரரசாட்சி என்கிறார். அடுத்த அடியிலேயே அந்தத் தீவுகள் அணியில்லாத ஆழியின் மார்பில் பதித்த பலநிற மணிகள் ஆகின்றன. அதாவது கடல் ஓர் உடல், தீவுகள் அதன் நகை.

பைரன், 'சைல்டு ஹேரல்டு', இரண்டாம் காண்டம், 1812. நெடிய கடற்பயணத்தில் மாலுமிகள் அடைபட்டுக் கிடக்கும் 'சிறகுடைய ஸீ-கர்ட் கோட்டை' என்று கப்பலைச் சொல்கிறார். சிறகு என்றது பாயை.

#9 ஐயாறன்

பைரன் அடி மிக நல்ல எடுத்துக்காட்டு, டீச்சர். முன்பு சொன்ன சூத்திரத்தை இங்கே பொருத்திப் பாருங்கள். கோட்டை என்றால் நிலத்தில் இருப்பது; அதற்குக் 'கடல்சூழ்' என்ற அடை இனத்தைப் பிரிக்கிறது. நிலக்கோட்டை அல்ல, கடற்கோட்டை. ஆகவே ஹோமரின் தீவுக்கு வந்த அடை அணி. பைரனின் கோட்டைக்கு வந்த அடை பொருள். அதை எடுத்துவிட்டால் அது கப்பல் என்பதே தெரியாமல் போகும். ஒரே ஆங்கிலச் சொல் என்பதற்காக இரண்டு இடத்திலும் ஒரே தமிழ்த் தொடரைப் போட வேண்டும் என்று கட்டாயமில்லை.

பைரனுக்கு 'கடலே அகழியாகிய சிறகுக் கோட்டை' என்று போடலாம். கோட்டைக்கு அகழி இயல்பு. தப்பிக்க முடியாமல் அடைபட்டவர்கள் என்ற பொருளும் தானே வரும்.

#10 தேரழுந்தூர் நிழல்

மில்டனுக்கு 'கடலுடுத்த' போடலாம் என்பது என் எண்ணம். பேரரசாட்சி என்ற சொல் பக்கத்திலேயே இருக்கிறது. புறநானூற்று நிறம் அங்கே பொருந்தும்.

#11 மன்னை டீச்சர்

ஆட்சி நிறம் பொருந்துகிறது, ஆனால் படம் முட்டுகிறது. 'கடலுடுத்த தீவுகள்' என்றால் தீவு உடல், கடல் ஆடை. அடுத்த அடியில் கடல் உடல், தீவு நகை. ஆடை திடீரென்று உடலாகி, உடல் நகையாகிவிடும். ஆங்கிலத்தில் 'கர்ட்' பழகிப்போன சொல். அதற்குள் இருக்கும் கச்சை வாசிப்பவர் கண்ணில் படாது, அதனால் முட்டல் தெரியவில்லை. தமிழில் 'உடுத்த' தேயாத சொல், படம் பளிச்சென்று எழும். அங்கே 'கடல்சூழ்' என்று அடக்கி வாசிப்பதே மேல்.

#12 தேரழுந்தூர் நிழல்

நம் யாப்பில் ஓரடிக்குள் உருவகம் மாறுவது புதிதல்ல. 'கடலுடுத்த' கருவிளங்காய்ச் சீர், அடியைக் கம்பீரமாகத் தூக்கிக் கொடுக்கும். உரைநடையில் தந்தால் டீச்சர் சொல்வது சரி. செய்யுளாகத் தந்தால் நான் 'கடலுடுத்த' பக்கம்தான்.

#13 கொள்ளிடக்கரை

ஆற்றுக்கும் இதே அமைப்பு உண்டு: 'ரிவர்-கர்ட்'. அதற்கு நம் பக்கத்தில் ஒரு தனிச்சொல்லே இருக்கிறது, துருத்தி. ஆற்றிடைக்குறை என்று பொருள். குத்தாலத்தின் பழைய பெயர் திருத்துருத்தி. திருவையாற்றுக்குப் பக்கம் திருப்பூந்துருத்தி. சிலப்பதிகாரம் திருவரங்கத்தையே 'விரிதிரைக் காவிரி வியன்பெருந் துருத்தி' என்கிறது. அரங்கம் என்ற சொல்லுக்கும் அந்தப் பொருள் உண்டு. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம்.

ஒடிஸியின் தீவுக்குத் துருத்தி என்று போட்டால் என்ன?

#14 நாகைத்துறை

கூடாது, தம்பி. துருத்தி ஆற்றுக்கு உரியது. அங்கே தண்ணீர் ஒரு பக்கம் பிரிந்து மறு பக்கம் கூடும். கரை கண்ணுக்குத் தெரியும். நடுக்கடல் தீவுக்கு அதைப் போட்டால் அக்கரை பார்க்கும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். ஒடிஸியஸின் துயரமே அக்கரை இல்லாததுதான். கொல்லன் உலைத் துருத்தி என்றும் பலருக்குப் பொருள் போய்விடும்.

ஆனால் திருவரங்கம் பற்றிய பாட்டில் வேறொரு வழி கிடைக்கிறது. திருமாலையில் 'கங்கையிற் புனிதமாய காவிரி நடுவுபாட்டு' என்று வருகிறது. சூழ்ந்த என்று நீரின் பக்கத்திலிருந்து சொல்லாமல், நடுவில் என்று நிலத்தின் பக்கத்திலிருந்து சொல்கிறார் தொண்டரடிப்பொடியாழ்வார். 'சூழ்' ஏற்கெனவே இரண்டு முறை வந்துவிட்ட பத்தியில் 'நடுக்கடல் தீவு' என்று திருப்பிப் போட்டுத் தப்பிக்கலாம். பொருள் குறையாது.

#15 மன்னை டீச்சர்

ஹோமரின் கிரேக்கச் சொல் 'ஆம்ஃபிரூட்டோஸ்'. 'ஆம்ஃபி' என்றால் இருபுறமும், சுற்றிலும். மற்றப் பகுதி ஓடுதல் என்ற வினையிலிருந்து வந்தது. சுற்றிலும் நீரோடுகிற என்பதே பொருள். கச்சை கிரேக்கத்தில் இல்லவே இல்லை! அது ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் தங்கள் கவிதை மரபிலிருந்து எடுத்துப் போட்டது. ஆகவே ஒடிஸியைத் தமிழில் தருபவர் கச்சையையும் மேகலையையும் தேடி அலைய வேண்டாம். 'சூழ்' மூலத்துக்கு இன்னும் நெருக்கம்.

குடந்தைத் தம்பி சொன்ன 'கடலின் கொப்பூழ்' கிரேக்கத்திலேயே இருக்கிறது. அங்கே உடல் கடலுடையது. 'கடலுடுத்த தீவு' என்று எழுதி அடுத்த தொடரில் 'கடலின் கொப்பூழ்' என்றால் ஆடைக்குக் கொப்பூழ் வந்துவிடும். மில்டனில் வந்த அதே முட்டல்தான்.

'சூழ்' போட்டாலும் ஓர் இடத்தில் கவனம் வேண்டும். அதே வாக்கியத்தில் தீவு இரண்டாம் முறையும் வருகிறது, இப்போது மரம் நிறைந்தது என்ற அடையோடு. 'கடல்சூழ் தீவு, காடுசூழ் தீவு' என்று ஓசைக்காக எழுதிவிடுவார்கள். காடு தீவைச் சூழவில்லை, தீவின்மேல் இருக்கிறது. 'மரமடர்ந்த' என்று மாற்ற வேண்டும்.

#16 கொள்ளிடக்கரை

ஷெல்லி வெனிஸைச் 'சன்-கர்ட்' நகரம் என்கிறாரே, அது அச்சுப் பிழையா?

#17 மன்னை டீச்சர்

யூகேனியன் குன்றுகளைப் பற்றி 1818இல் எழுதிய கவிதை அது. வெனிஸ் நீரில் நிற்கும் நகரம் என்பதால் 'ஸீ-கர்ட்' என்று இருந்திருக்க வேண்டும் என்று பின்னால் திருத்தம் சொன்னவர்கள் உண்டு. திருத்தத் தேவையில்லை என்றே படுகிறது. அந்த இடத்தில் காலைக் கதிர் பரவிக்கொண்டிருக்கிறது, நகரத்தை ஒளி சுற்றி நிற்கிறது. 'கர்ட்' முன்னால் நீர்தான் வர வேண்டும் என்று விதியில்லை, சுற்றிவரக்கூடிய எதுவும் வரலாம். 'கதிர்சூழ் நகர்' என்று தமிழில் போட்டால் நெருடாது. மூலத்தில் உள்ளதை மாற்றிவிட்டு மொழிபெயர்க்கக் கூடாது.

#18 குடந்தைக்காரன்

எல்லாவற்றையும் வைத்து இப்படி எழுதியிருக்கிறேன்:

'தன்னவரை விட்டு நெடுங்காலமாய் அல்லலுறுகிறான், கடல்சூழ்த் தீவொன்றில், கடலின் கொப்பூழ் அமைந்த இடத்தில். மரமடர்ந்த அத்தீவில் ஒரு தேவி குடியிருக்கிறாள்.'

#19 ஐயாறன்

நன்று தம்பி. ஒற்றை மட்டும் எடுத்துவிடுங்கள்: 'கடல்சூழ் தீவொன்றில்'. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. 'கடலுடுத்த தீவு' என்றாலும் பெயரெச்சம், அங்கேயும் மிகாது. 'கடல்வேலித் தீவு', 'கடல்மேகலைத் தீவு' என்று எழுதினால்தான் மிகும். அவை வேலியை உடைய, மேகலையை உடைய என்று உருபும் பயனும் சேர்ந்து தொக்கவை.

'கடல்' இரண்டு முறை அடுத்தடுத்து வருவது நெருடினால் முதலாவதைத் 'திரைசூழ் தீவொன்றில்' என்று மாற்றலாம். திரை என்றால் அலை. சுற்றிலும் நீரோடுகிற என்று டீச்சர் சொன்ன கிரேக்கப் பொருளின் அசைவும் அதில் வந்துவிடும்.

#20 நாகைத்துறை

'திரைசூழ்' நல்ல தேர்வு. அச்சுக்குக் கொடுக்கும்போது 'திரை', 'சூழ்' இரண்டையும் சேர்த்தே எழுதிக் கொடுங்கள். இடைவெளி விட்டால் வரி முடிவில் பிரிந்து, 'திரை' ஒரு வரியிலும் 'சூழ் தீவு' மறு வரியிலுமாக விழும். திரைச்சீலை என்று ஒரு கணம் படிக்க வாய்ப்பிருக்கிறது. ஆங்கிலத்து இடைக்கோட்டைத் தமிழில் போட வேண்டாம்.